ஹோசூர்த் தொழிலாளியின் முதுமையும் மருந்துச் செலவும்

2025-ஆம் வருஷம் நவம்பர் 21-ந்தேதி முதல் இந்திய சர்க்காரின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமுலுக்கு வந்திருக்கிறது. 1948-ஆம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டமும், தொழிலாளர் நலம் பற்றிய வேறு பல சட்டங்களும் இத்தொகுப்பிற்குள் அடங்கிவிட்டன. இதைப் பற்றி முதலாளிமார் ஒரு விதமாகவும், தொழிற்சங்கத்தார் வேறு விதமாகவும் பேசி வருகின்றனர். வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும், சம்பளத்தில் எது சேரும் எது சேராது என்பதும் விவாதத்தில் அடிபடுகின்றன. ஆனால் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவரைப் பற்றி இரு தரப்பாரும் வாய் திறக்கக் காணோம். அவருக்கு வேலைநிறுத்தம் செய்யும் சக்தி இல்லை. ஆகவே அவருக்காகப் பேசுவோரும் இல்லை. அக்குறையை நம்மால் இயன்ற அளவு தீர்க்கவே இன்று எழுதத் துணிந்தோம்.

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையிலுள்ள ஹோசூரை எடுத்துக்கொள்வோம். 1970-களில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும், டி.வி.எஸ்.ஸின் வண்டித் தொழிற்சாலையும் வந்தன. அந்தப் பத்து வருஷம் முடிவதற்குள் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் வந்து சேர்ந்தது. இவற்றைச் சுற்றி உதிரி பாகம் கடையும் சிறு பட்டறைகள் எத்தனையோ முளைத்தன. ராகியும் அவரையும் விளைந்த தாலுகா, எல்லைக்கு அப்பாலிருந்தும் தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்தும் வந்த வாலிபர்களுக்குச் சோறு போட்டது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாயிற்று; 2019-ல் ஹோசூர் மாநகராட்சியாயிற்று. வாலிபர்களும் அதே வேகத்தில் கிழவர்களாயினர் என்பதை மட்டும் எந்த அறிக்கையும் சொல்வதில்லை. இருபது, இருபத்தைந்து வயதில் யந்திரத்தின் முன் நின்ற அந்த முதல் தலைமுறைக்கு இன்று அறுபத்தைந்து, எழுபது வயது. மூன்று ஷிப்டு வேலையும், எண்ணெய்ப் புகையும், ஓயாத இரைச்சலும் அவர்கள் உடம்பில் எழுதிய கணக்கை இப்பொழுது யாராவது கொடுத்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

சர்க்கார் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படிச் சொல்வது பொய். 2009-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய மருத்துவக் காப்பீடு, பின்னர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018-ல் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்து, குடும்பம் ஒன்றுக்கு வருஷத்திற்கு 5 லக்ஷ ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறது. 2022-ல் இத்திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது, இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்குச் சர்க்கார் கட்ட ஒப்பிய சந்தா குடும்பத்திற்கு வருஷம் 849 ரூபாய். 2024-ஆம் வருஷம் அக்டோபர் 29-ந்தேதி மத்திய சர்க்கார், 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பே பாராமல் 5 லக்ஷம் வரை ஆஸ்பத்திரிச் செலவு தரும் வய வந்தனத் திட்டத்தைத் தொடங்கியது. இவை சிறு காரியங்களல்ல. ஒரே ஓர் இருதய ஆபரேஷனுக்காக நிலத்தை விற்ற குடும்பங்களை அறிந்தவர்கள் இவற்றின் அருமையை அறிவார்கள்.

ஆனால் இத்திட்டங்கள் எதைக் கொடுக்கின்றன, எதைக் கொடுக்கவில்லை என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டும், படுத்தால்தான் பணம். ஆயுஷ்மான் பாரத் விதிகளின்படி, ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன் 3 நாள் செலவும், வெளியே வந்தபின் 15 நாள் செலவும், மருந்து உட்பட, திட்டத்தைச் சேரும். இருதயக் குழாயைச் சீர்படுத்திக்கொண்டு வந்த முதியவர் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிட வேண்டியது பதினைந்து நாளா? ஆயுள் முழுவதும் அல்லவா? பதினாறாம் நாள் காலையில் அவர் மருந்துக் கடைக்குத்தான் போகவேண்டும். கிழவரின் மடியில் அட்டைகளுக்குக் குறைவில்லை. குடும்ப அட்டை, ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் இருக்கின்றன. அவற்றில் எதையும் கடைக்காரர் வாங்கிக்கொள்வதில்லை.

முதுமை என்பது பெரும்பாலும் திடீரென்று விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் விபத்தன்று. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, மூட்டு வலி, மூச்சிரைப்பு, கண் புகைச்சல் ஆகியவை தினந்தோறும் தின்னும் வியாதிகள். இவற்றிற்கு வேண்டியது கட்டிலன்று, மாத்திரை; அதுவும் ஒரு வேளை தவறாமல். அத்தியாவசிய மருந்துகளின் விலைக்குச் சர்க்கார் உச்சவரம்பு விதித்திருப்பது உண்மையே. அந்த உச்சவரம்பு மொத்த விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டிருப்பதால், 2022 ஏப்ரலில் சுமார் 10.8 சதவிகிதமும், 2023 ஏப்ரலில் 12 சதவிகிதத்திற்கு மேலும் உயர இடங்கொடுக்கப்பட்டது என்பதும் உண்மையே. கிழவரின் வருமானம் அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை சதவிகிதம் உயர்ந்தது?

அந்த வருமானத்தையும் பார்ப்போம். 1995 நவம்பரில் ஏற்பட்ட தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் விதித்தார்கள். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு அதே தேதியில்தான் 15,000 ஆயிற்று. அதற்கு முன் 6,500. தொழிலாளி உண்மையில் வாங்கிய சம்பளம் எவ்வளவாயினும், பொதுவாக இந்த வரம்புக்குள்தான் அவருக்குக் கணக்கு. ஆகவே பெரிய கம்பெனியில் வாழ்நாளெல்லாம் உழைத்தவருக்குக்கூடச் சில ஆயிரங்களுக்கு மேல் வருவதில்லை. சிறு பட்டறையில் விட்டுவிட்டு வேலை செய்தவர் அந்த ஆயிரத்திலேயே நிற்கிறார். அரிசி ரேஷனில் கிடைக்கும். இரண்டு பேருக்கு மாத்திரை ரேஷனில் கிடைக்காது.

இனி ஈ.எஸ்.ஐ. விஷயம். இதுவே நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. வேலையிலிருக்கும்போது தொழிலாளி தன் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி மூன்றேகால் ரூபாயும் கட்டவேண்டுமென்பது 2019 ஜூலையில் ஏற்பட்ட விகிதம். 15,000 ரூபாய்ச் சம்பளக்காரர் கணக்கில் தொழிலாளி பங்கு 112 ரூபாய் 50 காசு, முதலாளி பங்கு 487 ரூபாய் 50 காசு, ஆக மாதம் 600 ரூபாய் சேருகிறது. இதற்குப் பிரதியாக அவருக்கும் குடும்பத்தாருக்கும் வைத்தியம். படுத்தாலும் வைத்தியம், நடந்து வந்து மாத்திரை வாங்கினாலும் வைத்தியம். இந்தப் பழைய ஏற்பாடு மாத்திரையையும் கணக்கில் சேர்த்தது என்பது கவனிக்கத்தக்கது.

அதைவிடக் கவனிக்கத்தக்கது 1950-ஆம் வருஷத்து மத்திய விதிகளில் 61-வது விதி. குறைந்தது 5 வருஷம் இன்ஷியூர் செய்யப்பட்டிருந்து, ஓய்வு வயதை எட்டி வேலையை விடும் தொழிலாளி, வருஷத்திற்கு 120 ரூபாயை முன்பணமாகக் கட்டினால், தாமும் தம் மனைவியும் வைத்திய வசதியைப் பெற்றுவரலாம் என்று அவ்விதி வகுத்தது. வருஷத்திற்கு 120 ரூபாய்! நாளொன்றுக்கு 33 காசு! ஒரு டம்ளர் தேநீர் விலையில் ஒரு கிழவரும் கிழவியும் பல நாள் வைத்தியம் பெறலாம். இப்படியொரு சலுகை இருக்கிறதென்று ஹோசூரில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அது கிட்டியது?

கிட்டாமற்போவதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. 2017 ஜனவரி முதல் அது 21,000 ரூபாய். பெரிய யந்திரசாலையின் நிரந்தரத் தொழிலாளி நடு வயதிலேயே இந்த வரம்பைத் தாண்டி வெளியேறிவிடுகிறார். இருபது வருஷம் பணம் கட்டியிருந்தாலும், ஓய்வுபெறும் நாளில் அவர் ‘இன்ஷியூர் ஆனவர்’ அல்லர். ஆகவே 61-வது விதி அவருக்கில்லை. கம்பெனி தன் தொழிலாளருக்கு எடுத்துக்கொடுக்கும் கூட்டு இன்ஷியூரன்ஸும் வேலையோடு போய்விடுவதே வழக்கம். இந்த அநியாயத்தைக் கார்ப்பரேஷனே ஒருவாறு ஒப்புக்கொண்டது. 2012 ஏப்ரலுக்குப் பின் இன்ஷியூர் செய்யப்பட்டிருந்து, வரம்பு மீறியதால் வெளியேறி, 2017 ஏப்ரலுக்குப் பின் 30,000 ரூபாய்க்கு மேற்படாத சம்பளத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கும் வசதி தரலாம் என்று 2024 பிப்ரவரியில் அதன் கூட்டம் தீர்மானித்தது. நல்ல தீர்மானந்தான். ஆயினும் கதவைப் பாதி திறந்து வைப்பானேன்? ஹோசூரின் பெரிய ஆலைகளில் நெடுநாள் உழைத்த நிரந்தரத் தொழிலாளி கடைசி மாதத்தில் 30,000 ரூபாயைத் தாண்டியிருப்பது அபூர்வமன்று. அதிகச் சம்பளம் வாங்கியது போன வருஷத்து விஷயம். இவ்வருஷம் அவரும் சில ஆயிரம் ஓய்வூதியக்காரரே.

மற்றொரு பக்கம் காண்டிராக்டுத் தொழிலாளி. அவர் வரம்பைத் தாண்டுவதில்லை. சாகும் வரையில் தாண்டமாட்டார். அவருடைய சங்கடம் வேறு. ஓய்வு வயதில் வேலையை விட்டதாக அத்தாட்சி வேண்டுமென்கிறது விதி. காண்டிராக்டர் தம் ஆட்களுக்கு மாலை போட்டு ஓய்வு கொடுத்து அனுப்புவதுண்டா? ஐம்பத்தைந்து வயதில் கண் மங்கினால், ‘நாளை முதல் வரவேண்டாம்’ என்பதே அவர் கொடுக்கும் பிரிவுபசாரம். அந்தக் காண்டிராக்டர் அடுத்த வருஷம் அவ்வூரில் இருப்பாரோ, மாட்டாரோ! ஆனால் தொழிலாளியின் இன்ஷியூரன்ஸ் நம்பர் ஆயுள் முழுவதும் ஒன்றே. எந்த மாதம் யார் பெயரில் எவ்வளவு கட்டப்பட்டது என்பது கார்ப்பரேஷன் கம்ப்யூட்டரில் பதிவாகிறது. ஐந்து வருஷச் சந்தா சேர்ந்திருக்கிறதா, வயது ஆகிவிட்டதா என்ற இரண்டையும் தன் ஏட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய ஸ்தாபனம், ஏழையை அத்தாட்சிக் காகிதத்திற்காக அலையச் செய்வதற்கு நியாயம் என்ன?

ஈ.எஸ்.ஐ. போனால் முதலமைச்சரின் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். அதற்கும் ஒரு வேலி உண்டு. குடும்ப வருமானம் வருஷத்திற்கு 1,20,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என்று 2022-ல் வரம்பு உயர்த்தப்பட்டது, முன்பு 72,000. மாதக் கணக்கில் 10,000 ரூபாய். கிழவரின் மகன் சூளகிரிப் பக்கத்து ஆலையில் காண்டிராக்டு வேலைக்குப் போய் மாதம் 12,000 வாங்கினால், அதைச் சேர்த்துக் கணக்கிடும்போது குடும்பம் ‘பணக்காரக் குடும்பம்’ ஆகிவிடுகிறது. அந்தப் பன்னிரண்டாயிரத்தில் வீட்டு வாடகையும், பிள்ளைகளின் பள்ளிச் செலவும் போக, அப்பாவின் மாத்திரைக்கு என்ன மிஞ்சும் என்று வருமானச் சான்றிதழில் கேள்வியில்லை. மகன் கொஞ்சம் சம்பாதித்தால் தகப்பனுக்கு அட்டையில்லை. அட்டை வேண்டுமானால் மகன் தனிக் குடும்பம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். முதியோரைப் பிள்ளைகள் கைவிடலாகாதென்று 2007-ல் சட்டம் செய்த தேசத்தில் இந்த விந்தை!

சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர் நிலையை ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. தமிழ்நாடு சர்க்காரின் ஓய்வூதியதாரர் மருத்துவக் காப்பீட்டிற்கு 2022 ஜூலை முதல் மாதம் 497 ரூபாய் பிடித்தம் என்று ஏற்பாடு. வருஷத்திற்கு 5,964 ரூபாய். அதுவும் பலருக்குக் கஷ்டமாகவே இருக்கிறதென்று அவர்கள் சங்கங்கள் முறையிடுகின்றன. இருந்தாலும் அவர்களுக்கு ஒரு திட்டமாவது உண்டு. ஹோசூர்த் தொழிலாளி அந்தப் பணத்தைக் கட்டத் தயாராயிருந்தாலும் கட்டுவதற்கு ஒரு ஜன்னல் இல்லை. தனியார் கம்பெனியிடம் போகலாம்; 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவிகித வரி நீங்கிவிட்டது, மூத்த குடிமக்களின் சந்தாவை வருஷத்தில் 10 சதவிகிதத்திற்கு மேல் அனுமதியின்றி உயர்த்தலாகாதென்று 2025 ஜனவரியில் கட்டளையும் பிறந்தது. ஆனால் இவையெல்லாம் சந்தா கட்டச் சக்தியுள்ளவர்களுக்குச் செய்த உபகாரங்கள். அங்கேயும் பெரும்பாலும் கட்டிலுக்குத்தான் காசு.

கட்டிலைக் காத்து மாத்திரையைக் கைவிட்ட தவற்றை நாம் மட்டும் செய்யவில்லை. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில், 65 வயதுக்கு மேற்பட்டோர்க்கான மெடிகேர் சட்டம் 1965 ஜூலையில் நிறைவேறியது. ஆஸ்பத்திரிக்கும் டாக்டருக்கும் பணம் உண்டு. வீட்டில் சாப்பிடும் மருந்துக்குப் பெரும்பாலும் கிடையாது. அக்குறையைத் தீர்க்கும் மருந்துத் திட்டம் 2006 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. நாற்பது வருஷம் பிடித்தது! அதிலும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் வைத்தார்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் நோயாளியே முழுதும் கொடுக்கவேண்டும், பிறகு இன்னும் மேலே போனால் திட்டம் மறுபடி கைகொடுக்கும். முதியவர் வருஷத்தில் கைப்பணம் 2,000 டாலருக்கு மேல் மருந்துக்குக் கொடுக்கவேண்டாம் என்ற எல்லை 2025-ல்தான் வந்தது. இங்கிலாந்திலோ 60 வயதானவர் டாக்டர் சீட்டுக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. நாம் எந்த வழியில் போகிறோம்? அமெரிக்கா நாற்பது வருஷம் செலவழித்துக் கற்ற பாடத்தை நாமும் முதலிலிருந்து கற்கவேண்டுமா?

வேண்டியதில்லை. ஏனெனில் அதற்கு விடை நம் கிருஷ்ணகிரி ஜில்லாவிலேயே பிறந்திருக்கிறது. 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு 5-ந்தேதி, இந்த ஜில்லாவின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையைப் பெண் ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்க்கு நோவு தணிக்கும் சிகிச்சையும், உடற்பயிற்சிச் சிகிச்சையும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2024-ல் இதைப் பாராட்டிப் பரிசளித்தது. இதன் பின்னே நிற்பது 1995-ல் வேலை தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம். மருந்தை மொத்தமாக டெண்டரில் வாங்கி, பரிசோதித்து, எல்லா ஜில்லாக்களுக்கும் அனுப்பும் அந்த முறையைப் பார்த்துப் பிற மாகாணங்கள் நகல் செய்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு லக்ஷக்கணக்கில் கொடுக்கும் இன்ஷியூரன்ஸைவிட, இந்தச் சிறு மாத்திரைப் பொட்டலமே முதியவருக்கு உற்ற துணை என்பது நமது அபிப்பிராயம். அதைப் பெற வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை என்பதே அதன் பெருமை.

குறைகள் இல்லாமலில்லை. ஹோசூர் எல்லை ஊர். கிருஷ்ணகிரி போலுப்பள்ளியில் 2022-ல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டாலும், பெரிய வியாதி என்றால் அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூர் போவதே இவ்வூரார் பழக்கம். அதுதான் கிட்டவும் இருக்கிறது. அங்கே டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் கம்பெனிப் பெயர் இருக்கும். இங்கே சர்க்கார் பொட்டலத்தில் மருந்தின் பெயர் இருக்கும். உள்ளே இருப்பது ஒரே சரக்கு என்று கிழவருக்கு யார் சொல்வது? பயந்துபோய் அவர் கடையில் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார். அல்லது இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுகிறார். முன்னது பைக்குக் கேடு, பின்னது உயிருக்கே கேடு. தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வழங்கும் இந்தத் தாலுகாவில், வெளியூர்ச் சீட்டைப் படித்து, இதற்கு இது பதில் என்று எடுத்துச் சொல்ல ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரத்தில் ஒரு நாளாவது மருந்தாளுநர் ஒருவரை உட்காரவைத்தால் எவ்வளவோ பணமும் ஆபத்தும் மிச்சமாகும். இருதயத்துக்கும், மூச்சிரைப்புக்கும் ஆயுள் முழுவதும் வேண்டிய மாத்திரைகளையும் வீட்டுப் பொட்டலத்தில் தாராளமாகச் சேர்க்கவேண்டும். தளி, அஞ்செட்டி காட்டோர ஊர்களிலிருந்து ஒரு மாத மாத்திரைக்காக பஸ் ஏறி வருபவர், மகனுடைய ஒரு நாள் கூலியையும் சேர்த்தே செலவிடுகிறார் என்பதை உத்தியோகஸ்தர்கள் மறக்கலாகாது.

பணத்திற்கு எங்கே போவதென்று நிதி இலாகா கேட்கும். கொதிப்பு மாத்திரையை நிறுத்திய கிழவர் பக்கவாதத்தில் விழுந்தபின் அதே சர்க்கார் அதே கஜானாவிலிருந்து ஆயிரக்கணக்கில் கொடுக்கிறதே, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? சர்க்கரையை அடக்காமல் விட்டுச் சிறுநீரகம் கெட்டபின் வாரத்தில் இரண்டு மூன்று முறை டயாலிஸிஸுக்குக் கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? தேசத்தின் மொத்த வைத்தியச் செலவில் நூற்றுக்கு 39 ரூபாய்க்கு மேல் ஜனங்கள் தங்கள் கையிலிருந்தே கொடுத்தார்கள் என்று 2021-22-ஆம் வருஷத்து தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. செலவு எப்படியும் நடக்கிறது. கொடுப்பவர் யார் என்பதுதான் விவகாரம். ஈ.எஸ்.ஐ. விஷயத்திலோ கேள்விக்கே இடமில்லை. அது தொழிலாளியும் முதலாளியும் பல்லாண்டு கட்டிய பணம்.

ஆகவே புதிய சட்டத் தொகுப்பின் கீழ் விதிகளை அமைக்கவும் திருத்தவும் அதிகாரம் பெற்ற மத்திய சர்க்கார், ஐந்து வருஷம் சந்தா கட்டிய எத்தொழிலாளியும், கடைசிச் சம்பளம் எதுவாயினும், அத்தாட்சி கொடுப்பார் இல்லாவிட்டாலும், 60 வயதில் அந்தப் பத்து ரூபாய் மாதச் சந்தாவுக்கு உரியவர் என்று செய்யவேண்டும். பத்து ரூபாய் போதாதென்றால் இருபதாக்கட்டும். கட்ட மறுப்பார் யாருமில்லை. மாகாண சர்க்கார், 60 வயதுக்கு மேற்பட்டவரின் காப்பீட்டு அட்டைக்குப் பிள்ளையின் சம்பளத்தைச் சேர்க்காமல் அவரவர் வருமானத்தை மட்டும் பார்க்கவேண்டும்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. போனஸுக்காகவும் பஞ்சப்படிக்காகவும் நீங்கள் செய்த போராட்டங்களை நாம் ஆதரித்தே எழுதியிருக்கிறோம். ஆனால் ஒப்பந்தப் பத்திரங்களில் ஓய்வுக்குப் பிந்திய வைத்தியம் என்ற ஷரத்தை எத்தனை முறை வற்புறுத்தினீர்கள்? சந்தா கொடுப்பது நின்றவுடன் உறுப்பினரையும் மறந்துவிடுவது முதலாளியின் குணமாயிருக்கலாம், சங்கத்தின் குணமாகலாமா? 2024 பிப்ரவரித் தீர்மானத்தின்படி உரிமை பெறத்தக்கவர் ஹோசூரில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க ஒரு மேஜையும், ஒரு நோட்டுப் புத்தகமும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுள்ள நான்கு வாலிபரும் போதும். சிப்காட் வாசலிலும், பாகலூர் ரோட்டிலும், மத்திகிரியிலும் அப்படி ஒரு மேஜை போடுவோர் யாராயினும், அவர்களுடைய இடத்தையும் நேரத்தையும் இப்பத்திரிகையில் காசு வாங்காமல் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.